பாஸ் லினக்ஸை அழித்தது யார்?

"ஓசியில குடுத்தாலும் நம்ம ஆளுங்க லினக்ஸ் யூஸ் பண்ண மாட்டாங்க சார்."

மென்பொருள் துறையில் பத்து வருஷம் குப்பை கொட்டியவர்கள் யாராக இருந்தாலும் இந்த வாக்கியத்தைக் கேட்டிருப்பார்கள். சொல்பவர் பெரும்பாலும் லேப்டாப் மூடியில் பெங்குவின் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார். ஆர்ச் லினக்ஸைக் கையாலேயே நிறுவியதை ஒரு தீர்த்த யாத்திரை மாதிரி விவரிப்பார். அவருக்கு ஆதாரமும் கையிலேயே உண்டு: 2011இல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுத்தது, அதில் பாஸ் லினக்ஸும் இருந்தது, பசங்க முதல் வாரத்திலேயே அதை அழித்துவிட்டார்கள். முடிந்தது கதை. மக்களுக்கு அருமை தெரியவில்லை.

இந்தக் கதை எனக்குப் பிடிக்கவில்லை. நடந்ததைச் சரியாகச் சொல்லவில்லை என்பது ஒரு காரணம். தோல்வியின் பொறுப்பை அது மொத்தமாகக் கீழ்பென்னாத்தூர் மாதிரி ஊர்களின் பதினேழு வயதுப் பையன்கள் தலையில் கட்டுகிறது என்பது இன்னொன்று. அது எங்க ஊர். அந்தப் பையன்களை எனக்குத் தெரியும்.

என்ன நடந்தது என்று பார்ப்போம். 2011 செப்டம்பர் 15 அன்று திட்டம் தொடங்கியது. ஆரம்பத் தவணைகளில் வந்த பெட்டிகளில் விண்டோஸ் 7 ஸ்டார்டரும் பாஸ் லினக்ஸும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஸ்டார்டர் என்பது விண்டோஸ் 7இன் கடைசித் தம்பி. அதில் வால்பேப்பர் கூட மாற்ற முடியாது. பையன் முதலில் செய்தது என்ன? திருவண்ணாமலை பஸ் ஏறிப் போய், ஒரு சர்வீஸ் கடையில் முந்நூறு ரூபாய் கொடுத்து, "அண்ணே, அல்டிமேட் போட்டுக் குடுங்க" என்றான். எங்க பக்கம் ஓ.எஸ்.ஸை யாரும் 'நிறுவுவது' கிடையாது, 'போடுவது'தான், ஊசி போடுவது மாதிரி. கடைக்கார அண்ணன் வழக்கம்போல மொத்த வட்டையும் ஃபார்மட் அடித்து, திருட்டு விண்டோஸ் 7 அல்டிமேட்டைப் போட்டுக் கொடுத்தார். கூடவே பாஸ் போய்விட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பையன் பாஸை வெறுத்து அழிக்கவில்லை. அது அங்கே இருந்ததே பல பேருக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது கறுப்புத் திரையில் இரண்டு வரி வரும், பத்து நொடி கழித்துப் போய்விடும். நான் கேட்டவர்களில் ஒருவர் கூட அதை வகுப்பில் யாரும் திறந்து காட்டியதாகச் சொல்லவில்லை. அவன் அழித்தது விண்டோஸ் ஸ்டார்டரைத்தான். அதாவது காசு கொடுத்து வாங்கிய மைக்ரோசாஃப்ட் சரக்கு பிடிக்காமல், அதன் இன்னொரு சரக்குக்குத் திருட்டுத்தனமாகவாவது போயிருக்கிறான். இதைச் சோம்பேறித்தனம் என்று எப்படிச் சொல்வது? முந்நூறு ரூபாயும் ஒரு சனிக்கிழமையும் செலவழித்திருக்கிறான். லினக்ஸுக்கு அந்தச் சனிக்கிழமை ஏன் கிடைக்கவில்லை என்பதுதான் கேள்வி.

பாஸ் மோசமான மென்பொருள் இல்லை, இதை முதலில் சொல்லிவிட வேண்டும். சிடாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு உருவாக்கியது. முதல் பதிப்பு 2007 ஜனவரியில் வந்தது. அதன் உள்ளே இருந்தது டெபியன். உலகத்தில் இருப்பதிலேயே நம்பகமான அடித்தளங்களில் ஒன்று. இந்திய மொழி எழுத்துருக்கள், விசைப்பலகைகள் எல்லாம் உள்ளே வைத்திருந்தார்கள். 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியபோது, தமிழ்நாடு அரசு தன் அலுவலகங்களுக்குப் பரிந்துரைத்ததும் பாஸைத்தான். தொழில்நுட்பமாகப் பார்த்தால் தோற்கக் கூடாத பொருள். தோற்றது. அப்படியானால் ஒரு வழங்கல் பரவுவதற்குத் தொழில்நுட்பத்தைத் தவிர வேறு எதுவோ வேண்டியிருக்கிறது.

வழங்கல் என்றால் என்ன என்று யோசித்தாலே பாதி புரியும். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் எழுதியது கெர்னல். அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கடிதம் கூட அடிக்க முடியாது. ஷெல், கம்பைலர், எழுத்துரு, திரை, உலாவி, பிரிண்டர் மென்பொருள் எல்லாம் வேறு வேறு ஆட்கள் வேறு வேறு தேசங்களில் எழுதியவை. ஒன்றின் புதிய பதிப்பு இன்னொன்றின் காலை வாரும். இதையெல்லாம் சேகரித்து, ஒன்றோடொன்று ஒத்துப்போக வைத்து, ஓட்டை கண்டுபிடிக்கப்பட்ட அன்றே அடைத்து, ஒரே இடத்திலிருந்து அனுப்புவதுதான் வழங்கலின் வேலை. கல்யாணச் சமையல் கான்ட்ராக்டர் மாதிரி. அரிசியை அவர் விளைவிப்பதில்லை, ஆனால் பந்தியில் சாம்பார் வராவிட்டால் திட்டு அவருக்குத்தான். நல்ல கான்ட்ராக்டர் யார்? அடுத்த கல்யாணத்துக்கும் இருப்பவர்.

1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் டெபியனைத் தொடங்கினார். தோழி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் ஒட்டி வைத்தார். அது 2011க்குள் எங்கெங்கே போய்ச் சேர்ந்தது என்று பாருங்கள்: சர்வர், மேசைக் கணினி, ரௌட்டர். 2013இல் சர்வதேச விண்வெளி நிலையத்தின் மடிக்கணினிகளை விண்டோஸிலிருந்து டெபியனுக்கு மாற்றினார்கள். ராஸ்பெர்ரி பையில் ஓடுவதும் டெபியனின் பிள்ளைதான். உபுண்டு, மின்ட், காலி, நம்ம பாஸ், எல்லாமே அதன் வயிற்றில் பிறந்தவை. 2025 ஆகஸ்டில் வந்த 13ஆம் பதிப்பில் 69,000க்கும் மேற்பட்ட பொதிகள் இருக்கின்றன.

எப்படி இவ்வளவு வளைந்துகொடுக்கிறது? எல்லாருக்குமானதை ஒரே பெட்டியில் திணிக்க அது முயலவே இல்லை. ஒரு பொதி எப்படி இருக்க வேண்டும், கோப்புகள் எங்கே போக வேண்டும், எது எதைச் சார்ந்திருக்கிறது என்று எப்படி அறிவிக்க வேண்டும் என்பதற்கு ஒரு கொள்கைக் கையேடு வைத்திருக்கிறார்கள். சலிப்பூட்டும் ஆவணம், படித்துப் பாருங்கள், தாலுகா ஆபீஸ் சுற்றறிக்கை தோற்றுவிடும். ஆனால் முன்பின் தெரியாத ஆயிரம் பேர் தனித்தனியாகச் செய்த பொதிகள் ஒன்றோடொன்று சண்டை போடாமல் இருப்பது அந்தச் சலிப்பால்தான். மேலே என்ன வேண்டுமோ அதை மட்டும் போட்டுக்கொள்ளலாம். அதனால்தான் அதே அடித்தளம் செயற்கைக்கோளைக் கண்காணிக்கும் அறையிலும் இருக்கலாம், ஜெராக்ஸ் கடையிலும் இருக்கலாம்.

இருக்கலாம் என்கிறேன். இருப்பது வேறு விஷயம். டெபியனை நிறுவ ஒரு காலத்தில் பொறுமை தேவைப்பட்டது. 2004 அக்டோபரில் உபுண்டு வந்து அதை மாற்றியது. உபுண்டுவின் வெற்றிக்கு அழகான திரை காரணம் என்பார்கள். எனக்குத் தெரிந்து பெரிய காரணம் தபால்காரர். கேட்டவர்களுக்கெல்லாம் சிடியை இலவசமாகத் தபாலில் அனுப்பினார்கள், 2011 வரைக்கும். பொறியியல் கல்லூரி விடுதியில் அட்டை உறையோடு ஐந்து சிடி வந்து இறங்கும். ஒன்றை வைத்துக்கொண்டு நாலை அறை அறையாகக் கொடுப்போம். இணைய வேகம் இல்லாத ஊர்களில் 700 எம்.பி. இறக்குவது என்பது அன்று ஒரு இரவுத் தவம். அந்தத் தடையைக் கம்பெனி தன் செலவில் எடுத்துப்போட்டது. அடுத்த காரணம் தேதி. ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு, இரண்டு வருஷத்துக்கு ஒரு நீண்டகால ஆதரவுப் பதிப்பு. என்றைக்கு வரும், என்றைக்கு வரைக்கும் காப்பாற்றுவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள், ஏறக்குறைய சொன்னபடி செய்தார்கள். பிறகு மூன்றாவது தானாக நடந்தது: இணையத்தில் எந்தப் பிரச்சினையைத் தேடினாலும் பதில் உபுண்டுவுக்கு எழுதப்பட்டதாக இருந்தது. புதிதாக வருபவர் பதில் இருக்கும் இடத்துக்குத்தானே வருவார்? அவரும் வந்து நாலு பதில் எழுதுவார்.

தேதியை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு சென்டோஸ் போதும். 2029 வரை இருக்கும் என்று நம்பப்பட்ட சென்டோஸ் 8ஐ 2021 இறுதியோடு நிறுத்துவதாக 2020 டிசம்பரில் ரெட் ஹேட் அறிவித்தது. மென்பொருளில் அன்று ஒரு எழுத்து மாறவில்லை. ஆனால் உலகம் முழுக்க சர்வர் பார்ப்பவர்கள் மூட்டை கட்ட ஆரம்பித்தார்கள், சில மாதங்களிலேயே அல்மா, ராக்கி என்று இரண்டு மாற்றுகள் பிறந்தன. கோடு அப்படியே இருந்தும் வாக்கு போனதால் வீடு காலியானது.

இப்போது பாஸுக்குத் திரும்புவோம். அதன் அடுத்த பதிப்பு எப்போது வரும் என்று கீழ்பென்னாத்தூரில் யாருக்குத் தெரியும்? பிரச்சினை வந்தால் யாரைக் கேட்பது? கூகுளில் "பாஸ் லினக்ஸ் ஒய்ஃபை வரவில்லை" என்று தேடினால் என்ன கிடைக்கும்? டெபியனுக்கான விடைகள் பாதிக்கு மேல் பாஸுக்கும் பொருந்தும். ஆனால் பாஸுக்குள்ளே இருப்பது டெபியன் என்று பையனுக்குச் சொன்னவர் யார்? 'பாரத்' என்ற பெயரை வெளியே ஒட்டி, டெபியன் என்ற பெயரை உள்ளே மறைத்தபோது, உலகம் இருபது வருஷமாக எழுதிவைத்த பதில்களின் கதவையும் சேர்த்துச் சாத்திவிட்டார்கள். இதுதான் எனக்குப் பொறுக்க முடியாத இடம். தேசப்பெருமைக்காக ஒரு பெயர்ப்பலகை, அதற்கு விலையாக ஒரு தலைமுறைக்கான உதவி. 2023இல் பாதுகாப்பு அமைச்சகம் 'மாயா' என்று உபுண்டு மேல் ஒன்று செய்வதாகச் செய்தி வந்தபோது என் நண்பர்கள் கைதட்டினார்கள். ராணுவத்துக்கு மூடிய ஒன்று தேவைப்படலாம், அது அவர்கள் பாடு. பள்ளிக்கூடத்துக்கு இந்தப் பெயர்மாற்று வித்தை எதற்கு?

பக்கத்து வீட்டில் வேறு மாதிரி நடந்தது. கேரளத்தில் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் 2001 வாக்கில் தொடங்கியது. பாடப்புத்தகம் ஒரே கம்பெனியின் விளம்பரம் மாதிரி இருக்கிறது என்று அங்கே ஆசிரியர் சங்கமே எதிர்த்தது. பிறகு கட்டற்ற மென்பொருளுக்கு மாறினார்கள். அவர்கள் எடுத்தது டெபியனையும் பிறகு உபுண்டுவையும்தான், புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் பாடப்புத்தகத்தை அதை வைத்து எழுதினார்கள். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், ஒரு தடவை இல்லை, வருஷா வருஷம். பத்தாம் வகுப்பு ஐ.டி. தேர்வை அதிலேயே வைத்தார்கள். தேர்வில் வரும் என்றால் நம் நாட்டில் எதையும் படிப்பார்கள், இது கேரளத்துக்கு மட்டுமான குணமா என்ன? 2019இல் இரண்டு லட்சம் பள்ளிக் கணினிகளுக்குப் புதிய பதிப்பு போட்டபோது உரிமக் கட்டணத்தில் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று கைட் நிறுவனம் சொன்னது. அந்தக் கணக்கில் அரசு நிறுவனங்களின் வழக்கமான உற்சாகம் கொஞ்சம் இருக்கலாம். எனக்கு முக்கியம் வேறு: அங்கே கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் பக்கத்து வகுப்பு டீச்சருக்குத் தெரியும்.

"அது கேரளா சார், நமக்கு ஒத்துவராது" என்று ஆரம்பிக்க வேண்டாம். நமக்கும் ஒரு முறை ஒத்து வந்தது. 2007 வாக்கில் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது அலுவலகம் முழுவதையும் சூசே லினக்ஸுக்கு மாற்றினார், பள்ளிகளுக்கு வாங்கிய கணினிகளிலும் அதையே கேட்டார். அவர் இடம் மாறினார், வேகமும் மாறியது. மியூனிக் நகராட்சி பத்து வருஷம் பாடுபட்டு 2013க்குள் சுமார் 15,000 கணினிகளை லினக்ஸுக்குக் கொண்டுவந்தது, ஆட்சி மாறியதும் 2017இல் திரும்ப விண்டோஸுக்கே போக முடிவெடுத்தது. ஒரு அதிகாரியின் ஆர்வத்தில் நிற்கும் வழங்கல் அவருடைய டிரான்ஸ்பர் ஆர்டர் வரைக்கும்தான் நிற்கும்.

சரி, அரசை விட்டுவிடுவோம், கடைத்தெருவுக்கு வாங்க. கீழ்பென்னாத்தூர் திருவண்ணாமலை-செஞ்சி சாலையில் இருக்கிற சின்ன ஊர். தாலுகா அலுவலகம் இருப்பதால் அதைச் சுற்றி ஜெராக்ஸ் கடை, இ-சேவை மையம், டி.டி.பி. கடை என்று ஒரு சிறிய பொருளாதாரம். கம்ப்யூட்டர் என்றால் இங்கே இதுதான். இந்தக் கடைக்காரர் லினக்ஸுக்கு ஏன் வரவில்லை என்பதற்குச் சித்தாந்தம் தேவையில்லை, மேசையைப் பார்த்தால் போதும்.

முதலில் பிரிண்டர். கடைக்குக் கடை ஒரே குட்டி லேசர் பிரிண்டர், பெயர் சொல்ல வேண்டாம், பார்த்தால் தெரியும். விலையைக் குறைக்க, பக்கத்தை உருவாக்கும் வேலையைக் கம்ப்யூட்டர் தலையில் தள்ளிவிடும் ரகம் அது. அதற்குக் கம்பெனியின் தனி டிரைவர் இல்லாமல் ஒரு எழுத்தும் வராது. அந்த டிரைவரை லினக்ஸில் உட்கார வைக்க நான் ஒரு பொங்கல் விடுமுறையின் பாதியைக் கொடுத்தேன். நான் பொறியியல் படித்தவன். கடைக்காரருக்கு வாசலில் வருமானச் சான்றுக்கு எட்டுப் பேர் நிற்கிறார்கள். அடுத்தது ஆதார் கைரேகைக் கருவி, அவர் கையில் கொடுக்கப்பட்டது விண்டோஸ் நிறுவல் கோப்பு. கணக்குக்கு டேலி, அது விண்டோஸில்தான். கல்யாணப் பத்திரிகைக்கு பேஜ்மேக்கர் 7, அடோபி அதைத் தொட்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் ஓடுகிறது, ஏனென்றால் பழைய தமிழ் எழுத்துருக்களில் செய்த ஆயிரம் பத்திரிகை மாதிரிகள் அதில் இருக்கின்றன. பெயரை மட்டும் மாற்றினால் போதும். 2010இல் கோவை செம்மொழி மாநாட்டையொட்டி அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது. டி.டி.பி. கடைக்கு அந்த மாநாடு இன்னும் வந்து சேரவில்லை.

(இடையில் ஒரு வரலாற்று வேடிக்கை. நம்ம ஊர் ஃப்ளெக்ஸ்காரர்கள் உயிராக வைத்திருக்கும் கோரல் டிராவின் கம்பெனி, 1999இல் டெபியன் மேல் கோரல் லினக்ஸ் என்று ஒரு வழங்கலே வெளியிட்டது. மறு வருஷம் கோரல் டிரா 9ஐயும் லினக்ஸுக்குக் கொண்டுவந்தது. 2001இல் கடையைக் கட்டிவிட்டார்கள். அது நின்றிருந்தால் செஞ்சி ரோட்டில் இன்று எத்தனை பெங்குவின் இருந்திருக்கும் என்று அவ்வப்போது யோசிப்பேன்.)

இந்தப் பட்டியலில் எதுவும் கடைக்காரரின் சோம்பேறித்தனம் இல்லை. அவருடைய ஒவ்வொரு தடையும் வேறு யாரோ எடுத்த கொள்முதல் முடிவு. ஆனால் தீர்ந்துபோன தடைகளும் உண்டு, அதை நம் ஆட்கள் கவனிப்பதில்லை. பட்டா, சிட்டா, சாதிச் சான்று எல்லாம் இன்று உலாவியில் ஓடுகின்றன; உலாவிக்குக் கீழே என்ன ஓ.எஸ். என்று அவை கேட்பதில்லை. புதிய இங்க் டேங்க் பிரிண்டர்கள் பல, செருகியதும் லினக்ஸில் வேலை செய்கின்றன. தமிழ்99, ஒலிபெயர்ப்பு இரண்டு விசைப்பலகையும் உள்ளேயே இருக்கின்றன. டெபியன் நிறுவியைத் தமிழிலேயே ஓட்டலாம், முகம் தெரியாத தன்னார்வலர்கள் செய்த வேலை அது.

ஆகவே என் துறைத் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள், கோபத்தோடுதான். தயவுசெய்து இன்னொரு 'தமிழ் லினக்ஸ்' செய்யாதீர்கள். டெபியன் மேல் ஒரு கோபுரப் படத்தை வால்பேப்பராக வைத்து, நாலு எழுத்துரு சேர்த்து, ஒரு பெயர் சூட்டி வெளியிடுவது ஒரு வார இறுதி வேலை. அதன் பாதுகாப்புத் திருத்தங்களை ஐந்து வருஷம் அனுப்புவது யார்? உங்களுக்குக் கல்யாணம் ஆகும், ஆன்சைட் போவீர்கள், அதை நம்பியவர் நடுத்தெருவில் நிற்பார். அதே வார இறுதியில் டெபியனில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பைச் சரிசெய்தால் பாஸுக்கும் போகும், உபுண்டுவுக்கும் போகும். மாசத்துக்கு ஒரு டிஸ்ட்ரோ மாற்றி, டெஸ்க்டாப்பை அலங்கரித்துப் படம் பிடித்துப் போடுவதையும் நான் குறை சொல்லவில்லை. கோலம் போடுவது மாதிரி அது ஒரு சந்தோஷம். அதைப் பரப்புரை என்று மட்டும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

பரப்புரை எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்பினால் விழுப்புரம் வரை போனால் போதும். அங்கே ஒரு குனு/லினக்ஸ் பயனர் குழு கிராமத்து மாணவர்களை உட்கார வைத்து இலவசமாகச் சொல்லிக்கொடுக்கிறது. காஞ்சிபுரத்திலும் ஒரு குழு உண்டு. கணியம் 2012 முதல் எளிய தமிழில் கட்டற்ற மென்பொருள் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறது. இவர்கள் யாரும் எந்த டிஸ்ட்ரோ பெரியது என்று சண்டை போடுவதை நான் பார்த்ததில்லை. கேள்வி கேட்டால் பதில் சொல்கிறார்கள். திருவண்ணாமலை மாவட்டத்தில் தாலுகாவுக்கு ஒருவர் அப்படி இருந்திருந்தால், 2011இல் சர்வீஸ் கடை அண்ணனே "தம்பி, ஏற்கெனவே ஒண்ணு உள்ள இருக்கு, அதுல வால்பேப்பர் மாத்தலாம்" என்று சொல்லியிருப்பார். முந்நூறு ரூபாய் மிச்சம்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. 2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் சிப்பு இல்லாத பழைய இயந்திரங்கள், இலவச மடிக்கணினிகள் உட்பட, எங்க ஊர்க் கடைகளிலும் வீடுகளிலும் நல்ல உயிரோடு இருக்கின்றன. எஸ்.எஸ்.டி. ஒன்று போட்டால் டெபியன் அதில் தாராளமாக ஓடும். இன்னொரு பக்கம், 2025-26 பட்ஜெட்டில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கையடக்கக் கணினியோ மடிக்கணினியோ தருவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அந்தப் பெட்டிகளில் ஓரமாக ஒரு லினக்ஸ் இருக்குமா இருக்காதா என்று மட்டும் விவாதித்தால் 2011ஐத் திரும்ப ஓட்டுவோம்.

கேட்க வேண்டியவை வேறு. ஒரு பருவத்துக்கு ஒரு பாடமாவது, மதிப்பெண்ணோடு, லினக்ஸில் நடக்குமா? பெட்டியில் இருப்பது டெபியன் என்றால் டெபியன் என்றே பெயர் எழுதியிருக்குமா? கல்லூரிக்கு ஒரு ஆசிரியருக்குப் பயிற்சியும் அதற்கான படியும் உண்டா? அரசுக்குப் பிரிண்டர், கைரேகைக் கருவி விற்கும் கம்பெனி லினக்ஸ் டிரைவரும் தர வேண்டும் என்று டெண்டரில் ஒரு வரி சேருமா? அந்த ஒரு வரி போதும், அடுத்த பொங்கலுக்கு எங்க ஊர் ஜெராக்ஸ் கடையில் நான் டிரைவரோடு மல்லுக்கட்டாமல் கரும்பு கடிப்பேன்.